கலப்பெண்ணைத் திரையில் எழுதிக் காட்டுவதில் இவ்வளவு சிக்கலா?

பைத்தானைத் திறந்து 3+4ஜே என்று தட்டி என்டர் அழுத்துங்கள். (3+4ஜே) என்று பதில் வரும். நீங்கள் போடாத அடைப்புக்குறி எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொண்டிருக்கும். அதே எண்ணை ‘இரண்டு தசம இடங்களோடு காட்டு’ என்று கேளுங்கள். 3.00+4.00ஜே என்று வரும். இப்போது அடைப்புக்குறியைக் காணோம். சரி, படிக்க வசதியாக இருக்கட்டுமே என்று கூட்டல் குறிக்கு இருபுறமும் கொஞ்சம் இடம் விட்டு, ‘3 + 4ஜே’ என்ற ஸ்ட்ரிங்கை எண்ணாக மாற்றச் சொல்லுங்கள். ‘வடிவம் சரியில்லை’ என்று பிழை காட்டி நின்றுவிடும்.

(கீபோர்டில் தட்டவேண்டியது ஆங்கில எழுத்துதான். படிக்க எளிதாக இங்கே ஐ, ஜே என்றே எழுதுகிறோம்.)

ஒரே மொழி, ஒரே எண். ஆனால் மூன்று இடத்தில் மூன்று விதமான நடத்தை. ‘இதெல்லாம் ஒரு விஷயமா, திரையில் எப்படி வந்தால் என்ன?’ என்று கேட்கலாம். மனிதக் கண்ணுக்கு மட்டும் என்றால் பிரச்சினையே இல்லை. ஆனால் ஒரு புரோகிராம் எழுதி வைத்த எண்ணை இன்னொரு புரோகிராம் படிக்கும்போதுதான் வில்லங்கம் ஆரம்பிக்கிறது. சில சமயம் பிழைச் செய்தி வரும், அது நல்லது. சில சமயம் எந்தச் சத்தமும் இல்லாமல் வேறொரு எண் உள்ளே போய் உட்கார்ந்துவிடும். அதுதான் பயப்பட வேண்டிய இடம்.

மெமரியில் சண்டை இல்லை

கலப்பெண் என்றால் என்ன என்பது பிளஸ் டூ கணக்கு படித்தவர்களுக்கு நினைவிருக்கும். மெய்ப்பகுதி ஒன்று, கற்பனைப்பகுதி ஒன்று. -1-இன் வர்க்கமூலத்துக்கு ‘ஐ’ என்று பெயர் வைத்து, 3+4ஐ என்று எழுதுவோம். பரீட்சையோடு முடிந்துபோன சமாச்சாரம் என்று நினைத்தால் தவறு. ஏசி மின்சுற்றுக் கணக்கு, ஆன்டெனா வடிவமைப்பு, உங்கள் போனுக்கும் டவருக்கும் இடையே ஓடும் சிக்னல், ஒலியை அலைவரிசைகளாகப் பிரிக்கும் ஃபூரியர் மாற்றம் என எல்லா இடத்திலும் கலப்பெண்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.

கம்ப்யூட்டரின் மெமரியில் இது ரொம்ப எளிமையான விஷயம். இரண்டு தசம எண்கள் பக்கத்து பக்கத்தில் இருக்கும், அவ்வளவுதான். அங்கே கூட்டல் குறி கிடையாது, ‘ஐ’யும் கிடையாது, அடைப்புக்குறியும் கிடையாது. இவையெல்லாம் அந்த எண்ணை எழுத்தாக மாற்றும்போது லைப்ரரி எழுதியவர் எடுக்கும் முடிவுகள். ஒவ்வொரு மொழியிலும் ஒவ்வொருவர் ஒவ்வொரு மாதிரி முடிவெடுத்திருக்கிறார்கள்.

ஐ-யா, ஜே-யா?

முதல் சண்டை எழுத்தில். ‘ஐ’ என்ற குறியீட்டை 18-ஆம் நூற்றாண்டில் ஆய்லர் பயன்படுத்தினார். பிறகு காஸ் அதைப் பரப்பினார். கணிதக்காரர்கள் அப்படியே தொடர்ந்தார்கள். ஆனால் எலெக்ட்ரிக்கல் ஆட்களுக்கு ‘ஐ’ என்றால் கரன்ட். ஒரே சமன்பாட்டில் இரண்டு ‘ஐ’ வந்தால் எது எது என்று எப்படித் தெரியும்? அதனால் அவர்கள் அடுத்த எழுத்தான ‘ஜே’வை எடுத்துக்கொண்டார்கள். டிரிபிள் ஈ படித்தவர்களுக்கு இது தெரிந்த கதை.

பைத்தான் பொறியாளர்களின் பக்கம் நின்றது. ‘இதை ஐ என்று மாற்றுங்கள்’ என்று கோரிக்கை வந்தபோது, பைத்தானை உருவாக்கிய கைடோ வான் ராசம் மறுத்துவிட்டார். அவர் சொன்ன காரணங்களில் ஒன்று, அந்த எழுத்து பார்ப்பதற்கு எண் 1 மாதிரியே இருக்கிறது என்பது. 4-க்குப் பக்கத்தில் ஆங்கில ஐ-யைப் பெரிய எழுத்தில் எழுதிப் பாருங்கள். 41 என்றுதான் படிப்பீர்கள். நியாயமான காரணம்தான்.

கோ, ஆர், ரூபி மொழிகள் ‘ஐ’ என்று காட்டும். மேட்லேப் இரண்டையும் வாங்கிக்கொள்ளும், காட்டுவது ‘ஐ’. ஜூலியா மொழிக்காரர்கள் ‘இந்த இரண்டு எழுத்தையும் எல்லோரும் லூப்புக்குப் பயன்படுத்துகிறார்கள், விட்டுவிடுவோம்’ என்று சொல்லி ‘ஐஎம்’ என்ற இரண்டெழுத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். அங்கே அதே எண் 3 + 4ஐஎம் என்று, இடைவெளியோடு வரும். அதை அப்படியே காப்பி செய்து பைத்தானிடம் கொடுத்தால் இடைவெளிக்காக ஒரு தடவை, எழுத்துக்காக இன்னொரு தடவை என இரண்டு காரணங்களுக்காகத் திருப்பி அனுப்பும்.

இடைவெளி விஷயத்தில் மேட்லேப்பில் இன்னொரு பொறி உண்டு. சதுர அடைப்புக்குறிக்குள் 3 - 4ஐ என்று இருபுறமும் இடம் விட்டு எழுதினால் அது ஓர் எண். கழித்தல் குறியை 4-ஓடு ஒட்டி, 3-க்குப் பிறகு மட்டும் இடம் விட்டு எழுதினால் அது இரண்டு எண்கள் கொண்ட வரிசை! ஒரு ஸ்பேஸ் பாருக்கு இவ்வளவு மரியாதை.

அந்த அடைப்புக்குறி எதற்கு?

பைத்தானுக்கு வருவோம். அடைப்புக்குறி அழகுக்காகப் போட்டதில்லை. திரையில் வந்ததை காப்பி செய்து, முன்னால் ‘2 பெருக்கல்’ என்று போட்டு ஒட்டுவதாக வைத்துக்கொள்ளுங்கள். அடைப்புக்குறி இருந்தால் 2-ஐ (3+4ஜே)-யால் பெருக்கி 6+8ஜே வரும். இல்லாவிட்டால் பெருக்கல் 3-இல் மட்டும் விழுந்து 6+4ஜே வரும். தப்பான விடை, ஆனால் பிழைச் செய்தி கிடையாது. ஒரு கலப்பெண் எங்கே போனாலும் ஒற்றை எண்ணாகவே இருக்கட்டும் என்பதற்கான பாதுகாப்பு வேலி அது. மெய்ப்பகுதி பூஜ்யமாக இருந்தால் 4ஜே என்று ஒரே துண்டாக வரும். அப்போது வேலி தேவையில்லை, போடுவதும் இல்லை.

அப்படியென்றால் இரண்டு தசம இடம் கேட்டதும் ஏன் வேலி காணாமல் போனது? ‘இப்படித்தான் வேண்டும்’ என்று வடிவத்தைக் குறிப்பிட்டுக் கேட்கிறீர்கள் என்றால், அறிக்கையிலோ அட்டவணையிலோ போடத்தான் கேட்கிறீர்கள், வேண்டுமானால் நீங்களே போட்டுக்கொள்வீர்கள் என்று லைப்ரரி நினைத்துக்கொள்கிறது. அப்போது 4ஜே கூட 0.00+4.00ஜே என்று முழுசாக வரும். இதுவும் சரியான முடிவு என்றே தோன்றுகிறது. ஆனால் இரண்டு நடத்தையும் ஒரே எண்ணுக்குத்தான் என்பது தெரியாமல் ஒருவர் லாக் ஃபைலைப் படிக்கும் ஸ்கிரிப்ட் எழுதினால் பாவம்.

அகலம், தசம இடம் விவகாரத்தில் பைத்தானின் விதி இது: தசம இடங்களின் எண்ணிக்கை மெய்ப்பகுதி, கற்பனைப்பகுதி இரண்டுக்கும் தனித்தனியாகப் பொருந்தும். அகலமும் இடது-வலது ஒதுக்கலும் முழு எழுத்துக்கும் சேர்த்துப் பொருந்தும். அதனால்தான் அட்டவணையில் கலப்பெண்களை வலது ஓரமாக ஒதுக்கினாலும் நடுவில் இருக்கும் கூட்டல் குறிகள் ஒரே நேர்கோட்டில் நிற்பதில்லை. நேராக நிற்க வேண்டுமென்றால் மெய்ப்பகுதியைத் தனியாக, கற்பனைப்பகுதியைத் தனியாக எடுத்து, ஒவ்வொன்றுக்கும் அகலம் கொடுத்து எழுதுவதுதான் வழி.

முன்னால் பூஜ்யங்களால் நிரப்பச் சொன்னால்? முழு எண்ணுக்கு 00042 என்று போடும் பைத்தான், கலப்பெண்ணுக்கு ‘முடியாது’ என்று பிழை காட்டும். பூஜ்யத்தை மெய்ப்பகுதிக்கு முன்னால் போடுவதா, கற்பனைப்பகுதிக்கு முன்னாலா, இரண்டுக்குமா? பதில் தெளிவாக இல்லாத கேள்விக்கு ஊகித்து எதையோ செய்வதைவிட மறுப்பது மேல். பழைய சதவீதக் குறி வைத்த ஃபார்மேட் முறையும் கலப்பெண்ணைத் தொடாது.

எல்லோரும் ஒரு தடவையாவது எழுதும் தவறு

தனித்தனியாக எடுத்து எழுதும்போது கையில் வரும் முதல் யோசனை என்ன? மெய்ப்பகுதி, பிறகு ஒரு கூட்டல் குறி, பிறகு கற்பனைப்பகுதி, கடைசியில் ஜே. 3-ம் 4-ம் கொடுத்தால் 3+4ஜே. பிரமாதம். 3-ம் -4-ம் கொடுத்தால்? 3+-4ஜே. கூட்டலும் கழித்தலும் ஒட்டிக்கொண்டு நிற்கும். மனிதர் படித்தால் புரிந்துவிடும். ஆனால் இந்த ஸ்ட்ரிங்கைப் பைத்தானிடமே கொடுத்து கலப்பெண்ணாக மாற்றச் சொன்னால் ஏற்றுக்கொள்ளாது.

இது கத்துக்குட்டிகள் மட்டும் செய்யும் தவறு இல்லை. அறிவியல் கணக்கீட்டில் உலகம் முழுக்கப் பயன்படும் நம்பை லைப்ரரியிலேயே, வரிசைகளை டெக்ஸ்ட் ஃபைலாகச் சேமிக்கும் வசதியில் இந்த ‘+-’ ரொம்ப நாள் இருந்தது. அதாவது லைப்ரரி தானே எழுதிய ஃபைலில் இருந்த எண்ணைப் பைத்தானால் நேராகப் படிக்க முடியவில்லை. பிறகு சரிசெய்தார்கள். எப்படி தெரியுமா? எழுதி முடித்த வரியில் ‘+-’ வந்தால் அதை ‘-’ என்று மாற்றிவிடுவது. நம்மூர் ஒட்டுவேலைதான், ஆனால் வேலை செய்கிறது!

சரியான வழி எளிது. கூட்டல் குறியை நீங்கள் எழுதாதீர்கள். ‘கற்பனைப்பகுதியை எப்போதும் குறியோடு காட்டு’ என்று ஃபார்மேட்டிடமே சொல்லிவிடுங்கள். தசம இடத்துக்கு முன்னால் ஒரு கூட்டல் குறி போட்டால் போதும். மிகை எண்ணுக்கு +, குறை எண்ணுக்கு - என்று தானாக வரும்.

3+4 எப்படி 3.4 ஆனது?

சி பிளஸ் பிளஸ் மொழி கூட்டல் குறிக்கே போகவில்லை. (3,4) என்று, அடைப்புக்குறிக்குள் கமா போட்டுக் காட்டும். எந்த எழுத்து என்ற சண்டையும் இல்லை, இடைவெளிச் சண்டையும் இல்லை. நல்ல யோசனைதான். இந்தியாவில் உட்கார்ந்து பார்த்தால் குறையே தெரியாது. ஏனென்றால் நமக்குத் தசமத்துக்குப் புள்ளி.

ஜெர்மனியிலும் பிரான்சிலும் தசமத்துக்குக் கமா. மூன்றரையை 3,5 என்று எழுதுவார்கள். சென்னையில் இருந்து ஜெர்மன் கிளையன்ட்டுக்கு வேலை பார்ப்பவர்கள் எக்செல் ஃபைலில் இதைப் பார்த்து ஒரு நிமிடம் திகைத்திருப்பார்கள். இப்போது, அந்த ஊர் அமைப்பில் ஓடும் சி பிளஸ் பிளஸ் புரோகிராம் 3+4ஐ என்ற எண்ணை (3,4) என்று எழுதி வைக்கிறது. அதே அமைப்பில் இன்னொரு புரோகிராம் அதைப் படிக்கிறது. அதற்கு 3,4 என்பது ‘மூன்று புள்ளி நான்கு’. அடைப்புக்குறிக்குள் ஒரே ஒரு எண் இருந்தாலும் அந்த லைப்ரரி ஏற்றுக்கொள்ளும். கற்பனைப்பகுதியைப் பூஜ்யம் என்று வைத்துக்கொள்ளும். ஆக, 3+4ஐ உள்ளே போய் 3.4 ஆக வெளியே வருகிறது. பிழைச் செய்தி எதுவும் கிடையாது.

இது யாருக்கும் தெரியாத ரகசியம் இல்லை. சி பிளஸ் பிளஸ் தரநிலை ஆவணத்திலேயே இந்தக் குழப்பம் வரும் என்று குறிப்பு போட்டு, மருந்தும் சொல்லியிருக்கிறார்கள்: தசமப் புள்ளியை எப்போதும் காட்டச் சொல்லிவிடுங்கள். அப்படிச் செய்தால் (3,00000,4,00000) என்று வரும். பார்க்கக் கண் வலிக்கும், ஆனால் படிக்கும் புரோகிராம் தடுமாறாது. 2020-இல் வந்த புதிய ஃபார்மேட் வசதியில் கலப்பெண்ணுக்கு இடம் கொடுக்கவில்லை. எப்படிக் காட்டுவது என்று தனியாக ஒரு முன்மொழிவு எழுதப்பட்டது. அந்த வசதிக்கு முன்னோடியான எஃப்எம்டி லைப்ரரி இப்போது பைத்தான் பாணியில் அடைப்புக்குறியும், கணிதக்காரர்கள் பாணியில் ‘ஐ’யும் போட்டு (3+4ஐ) என்று காட்டுகிறது.

கமாவில் அடிபட்ட மற்றவர்களும் உண்டு. ஃபோர்ட்ரானில் தசமத்துக்குக் கமா என்று தேர்ந்தெடுத்தால், இரண்டு பகுதிகளையும் பிரிக்கும் குறி தானாக அரைப்புள்ளியாக மாறிவிடும். மைக்ரோசாஃப்ட்டின் டாட் நெட் முதலில் (3, 4) என்று காட்டிக்கொண்டிருந்தது. புதிய பதிப்புகளில் கூர்முனை அடைப்புக்குறிக்குள் அரைப்புள்ளி போட்டு <3; 4> என்கிறது. பழைய வடிவத்தை நம்பி ஸ்கிரிப்ட் எழுதியவர்கள் திட்டியிருப்பார்கள். ஆனாலும் மாற்றியதுதான் சரி.

பூஜ்யத்துக்கும் கழித்தல் குறி உண்டு

இனி கொஞ்சம் நுணுக்கமான இடம். கம்ப்யூட்டரின் தசம எண்களில் +0, -0 என்று இரண்டு பூஜ்யங்கள் உண்டு. சாதாரணக் கணக்கில் இரண்டும் சமம், வித்தியாசம் தெரியாது. கலப்பெண்ணில் தெரியும். -4+0ஜே-யின் வர்க்கமூலத்தைப் பைத்தானில் கேட்டால் 2ஜே. -4-0ஜே-யின் வர்க்கமூலம் -2ஜே. கோணம் கேட்டால் முன்னதற்கு 180 டிகிரி, பின்னதற்கு -180 டிகிரி. ஒன்றுமில்லாத பூஜ்யத்தின் முன்னால் இருக்கும் ஒரு கோடு, விடையைத் தலைகீழாக்கிவிடுகிறது.

பைத்தான் இதை மறைப்பதில்லை. (-4-0ஜே) என்று குறியோடு காட்டும். ஆனால் அதைப் பார்த்து நீங்கள் கோடில் அப்படியே தட்டினால், பல வருடங்களாக வந்தது (-4+0ஜே). காரணம், கோடில் தட்டும்போது அது ஓர் எண் அல்ல. ‘-4-இலிருந்து 0ஜே-யைக் கழி’ என்ற கணக்கு. பைத்தான் முதலில் -4-ஐ -4+0ஜே என்று கலப்பெண்ணாக மாற்றிக்கொள்ளும். பிறகு 0-இலிருந்து 0 போனால் +0. கழித்தல் குறி அந்தக் கழித்தலிலேயே காணாமல் போய்விடும். அதையே ஸ்ட்ரிங்காகக் கொடுத்து கலப்பெண்ணாக மாற்றச் சொன்னால் குறி பத்திரமாக இருக்கும்.

2025 அக்டோபரில் வந்த பைத்தான் 3.14-இல் இதைச் சரிசெய்தார்கள். மெய்யெண்ணும் கலப்பெண்ணும் சேரும் கணக்குகளில், சி மொழி 1999-லிருந்தே பின்பற்றும் விதிக்கு மாறிவிட்டார்கள். இன்னும் ஒரு ஓட்டை மிச்சம் இருக்கிறது. மெய்ப்பகுதி +0, கற்பனைப்பகுதி -2 என்ற எண்ணைப் பைத்தான் -2ஜே என்று காட்டும். அதையே தட்டினால் 2ஜே முழுவதுக்கும் குறி மாறி, மெய்ப்பகுதி -0 ஆகிவிடும். திரையில் (-0-2ஜே) என்று வரும். தட்டிப் பார்க்காமல் யாரும் நம்பமாட்டார்கள்.

முடிவிலியும் ‘எண் அல்ல’ என்ற நேன் மதிப்பும் தனி ரகம். கற்பனைப்பகுதி முடிவிலி என்றால் பைத்தான் (1+இன்ஃப்ஜே) என்று காட்டும். கோடில் அதைத் தட்டினால் ‘இன்ஃப்ஜே என்று ஒரு பெயரே எனக்குத் தெரியாதே’ என்று விழிக்கும். ஜூலியாவும் ரூபியும் இந்த இடத்தில் புத்திசாலித்தனமாக நடுவில் ஒரு பெருக்கல் குறி போட்டுவிடுகின்றன. கோ மொழியில் கற்பனைப்பகுதி நேன் என்றால் முன்னால் கூட்டல் குறிதான் இருக்க வேண்டும், கழித்தல் போட்டால் செல்லாது என்று விதியே எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த மொழியில் கலப்பெண்ணை எழுத்தாக்கவும், எழுத்திலிருந்து திரும்ப எடுக்கவும் நேரடி வசதி வந்தது 2020-இல் 1.15 பதிப்பில்தான்.

எக்செல்லில் எண்ணே எழுத்து

ஆபீஸில் அதிகம் பேர் கலப்பெண்ணைத் தொடுவது ஒருவேளை எக்செல்லில்தான். அங்கே கதை தலைகீழ். எக்செல்லுக்குக் கலப்பெண் என்று ஒரு வகையே கிடையாது. காம்ப்ளெக்ஸ் என்ற ஃபார்முலாவுக்கு 3, 4 கொடுத்தால் 3+4ஐ என்ற டெக்ஸ்ட்தான் செல்லில் வரும். இரண்டு செல்களைக் கூட்டல் குறி போட்டுக் கூட்டினால் மதிப்புப் பிழை. கூட்டுவதற்கு இம்சம் என்று தனி ஃபார்முலா; அது அந்த எழுத்தைப் பிரித்துப் படித்து, கூட்டி, மறுபடி எழுத்தாக எழுதித் தரும். ஐ, ஜே எது வேண்டும் என்று நீங்களே தேர்ந்தெடுக்கலாம், ஆனால் சிறிய எழுத்தில்தான். கேப்ஸ் லாக்கைப் போட்டுவிட்டுப் பெரிய எழுத்தில் கொடுத்தால் ஏற்காது.

அப்போ என்னதான் செய்வது?

இன்னொரு புரோகிராமுக்கோ இன்னொரு டீமுக்கோ அனுப்பும்போது, முடிந்தவரை கலப்பெண்ணை ஒரே எழுத்துத் துண்டாக அனுப்பாதீர்கள். சிஎஸ்வி என்றால் மெய்ப்பகுதிக்கு ஒரு காலம், கற்பனைப்பகுதிக்கு ஒரு காலம். ஜேசானில் கலப்பெண் என்ற வகையே இல்லை. பைத்தானில் அப்படியே போட்டால் பிழை வரும். பைத்தானின் அதிகாரபூர்வ கையேட்டிலேயே இதற்கு உதாரணம் இருக்கிறது: இரண்டு எண்களைக் கொண்ட பட்டியலாக மாற்றி அனுப்பு என்கிறது. எந்த எழுத்து, எங்கே இடைவெளி, அடைப்புக்குறி உண்டா இல்லையா என்ற பஞ்சாயத்தே எழாது.

ஆனால் இரண்டு காலம் போட்டுவிட்டால் மட்டும் போதாது, அவை எந்த இரண்டு என்றும் எழுதி வைக்க வேண்டும். ஆன்டெனா, ஆர்எஃப் துறையில் இருப்பவர்கள் தினமும் கையாளும் டச்ஸ்டோன் ஃபைல் இதற்கு நல்ல உதாரணம். அதில் ஐ-யும் இல்லை, ஜே-யும் இல்லை. வெறும் எண் ஜோடிகள். அந்த ஜோடி மெய்-கற்பனையா, அளவு-கோணமா, டெசிபெல்-கோணமா என்பதை ஹாஷ் குறியோடு தொடங்கும் தலைப்பு வரியில் இரண்டே எழுத்தில் சொல்லிவிடுவார்கள். எக்செல்லில் திறந்து, ‘தேவையில்லாத வரி’ என்று அதை அழித்துவிட்டு வாட்ஸ்அப்பில் அனுப்பினால், கிடைத்தவர் கையில் 0.5, 30 என்று இரண்டு எண்கள் இருக்கும். அளவு-கோணம் என்று எடுத்தால் அது 0.433+0.25ஜே. மெய்-கற்பனை என்று எடுத்தால் 0.5+30ஜே.